ஆறு பிளக்கும் இரண்டு வாளியும்

வலது பக்கத்து பிளக்கை, அதாவது என் படகு இஞ்சினின் தண்ணீர் வடிதுளையை அடைத்திருக்கும் திருகை, கண்ணால் பார்க்க முடியாது. இஞ்சின் அறை மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, இஞ்சின்மேல் நெஞ்சை அழுத்திக் குப்புறப் படுத்து, கையைத் தோள்வரை உள்ளே விட்டால், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பக்கத்தில் விரல் நுனியில் ஒரு சின்னப் பித்தளைத் தலை தட்டுப்படும். அதுதான். ஸ்பேனரைத் திருப்பக் கால் சுற்றுக்கு மேல் இடம் கிடையாது. கால் சுற்று திருப்பு, எடு, மறுபடி வை, கால் சுற்று திருப்பு. பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் விலா எலும்பில் வால்வ் கவரின் அச்சு பதிந்துவிடும்.

ஒவ்வொரு வருஷமும் குளிர்காலம் தொடங்குவதற்கு முன்னால் இந்த வேலை எனக்கு உண்டு. படகைக் கரையேற்றியதும் முதல் வேலை, இஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியேற்றுவது. கவர் போடுவது, பேட்டரியைக் கழற்றுவது, மெத்தைகளை வீட்டுக்குக் கொண்டுபோவது எல்லாம் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் ஒன்றும் ஆகாது. இது மட்டும் உறைபனி விழும் ஓர் இரவு தள்ளிப்போனால் போதும், உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து விரிந்து மொத்தமும் போய்விடும்.

வெளியே தொங்கும் அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. நேராக நிமிர்த்தி வைத்தாலே தண்ணீர் தானாக இறங்கிவிடும். என்னுடையது படகின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் இன்போர்டு, பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர் கொண்ட பெட்ரோல் வி-8. ஏரித் தண்ணீரை நேராக இழுத்து, இஞ்சின் உடம்பு முழுக்கச் சுற்றவிட்டு, புகையோடு சேர்த்துப் பின்னால் துப்பும். சுமார் 15 லிட்டர் தண்ணீர் எந்நேரமும் உள்ளே நிற்கும். இஞ்சினை அணைத்தால் அது வெளியே வருவதில்லை. சிலிண்டர்களைச் சுற்றியுள்ள பள்ளங்களிலும், புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அடியிலும், ஆயில் கூலரிலும், ஹோஸ் வளைந்து தொங்கும் இடங்களிலும் அப்படியே தங்கிவிடும்.

படகு வாங்கிய முதல் வருஷம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. பழுது பார்க்கும் இடம் ஒன்றில் குளிர்காலத்துக்குத் தயார்செய்யச் சொல்லி விட்டுவிட்டேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தார்கள். ஒரு பெரிய வாளியில் இளஞ்சிவப்பு நிற ஆன்ட்டிஃப்ரீஸ், அதாவது எளிதில் உறையாத திரவம். அதிலிருந்து ஒரு ஹோஸ் இஞ்சினின் தண்ணீர் உறிஞ்சும் வாய்க்குப் போனது. இஞ்சினை ஓடவிட்டார்கள். ஓரிரு நிமிஷத்தில் படகின் பின்பக்கம் புகைக்குழாயிலிருந்து சிவப்பாகக் கொட்டியது. "பாத்தீங்களா, சிவப்பு வந்துடுச்சு, இனி பயமில்ல" என்றார் அந்த ஆள். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. உள்ளே போனது வெளியே வந்துவிட்டது. இடையில் இருப்பதெல்லாம் சிவப்பாகத்தானே இருக்கும்?

இருக்காது. நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருக்கிறது. பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பிரும்பு உடம்பில், உள்ள தண்ணீர் குறிப்பிட்ட சூட்டை எட்டும்வரை அது மூடியே இருக்கும். ஏரித் தண்ணீரில் நேராகக் குளிரும் பல இஞ்சின்களில் அந்தச் சூடு சுமார் 60 டிகிரி செல்சியஸ், சிலவற்றில் 71. அது மூடியிருக்கும்போது, புதிதாக உள்ளே வரும் தண்ணீர் பிளாக்குக்குள் நுழையாது. பக்கவழியாக மேனிஃபோல்டுக்குப் போய், அங்கிருந்து புகைக்குழாய்க்குப் போய் வெளியே விழுந்துவிடும். பிளாக்கில் பழைய தண்ணீர் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். அதாவது, அன்றைக்கு நான் பார்த்த சிவப்பு, வீட்டுக்குள் நுழையாமல் திண்ணையோடு திரும்பிப்போன விருந்தாளி.

இஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டுத்தான் செய்தோம் என்று சிலர் சொல்வார்கள். அப்போதும் முழுசாகச் சரியாகாது. தெர்மோஸ்டாட் திறந்து சில்லென்ற ஆன்ட்டிஃப்ரீஸ் உள்ளே போனதும், சூடு இறங்கி அது மறுபடி மூடிக்கொள்ளலாம். மூடாவிட்டாலும், ஏற்கெனவே உள்ளே நிற்கும் தண்ணீரோடு அது கலந்து நீர்த்துப்போகும். அந்தச் சிவப்புத் திரவத்தின் கேனில் போட்டிருக்கும் மைனஸ் 50 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் மைனஸ் 46 செல்சியஸ், அது உறையும் அளவு அல்ல. கலப்படமில்லாமல் இருந்தால் குழாயை வெடிக்கவிடாமல் தாங்கும் அளவு. அதற்கு வெகு முன்னாலேயே அது கூழாகிவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

வசந்தகாலத்தில் படகை எடுத்தேன். இஞ்சின் முதல் திருப்பலிலேயே பிடித்துக்கொண்டது. சத்தம்கூட நன்றாகத்தான் இருந்தது. பத்து நிமிஷம் ஓடியிருக்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். கறுப்பாகவோ தேன் நிறமாகவோ இருக்க வேண்டியது, பால் ஊற்றிக் கலக்கியதுபோல வெளிறி நுரைத்திருந்தது. ஆயிலுக்குள் தண்ணீர். பிறகு டார்ச் அடித்துத் தேடியபோது பிளாக்கின் பக்கவாட்டில், மேனிஃபோல்டுக்குக் கீழே, ஒரு ஜாண் நீளத்துக்குத் தலைமுடி மாதிரி ஒரு கோடு. அதிலிருந்து துரு நிறத்தில் ஈரம் கசிந்திருந்தது. வெளியே தெரிந்தது அது. உள்ளே தெரியாமல் இன்னொன்று இருந்ததால்தான் ஆயில் அப்படி ஆனது. வார்ப்பிரும்பில் விழுந்த விரிசலை வெல்டிங் செய்வது நம்பி இறங்கக்கூடிய வேலை இல்லை. வேறு பிளாக்தான்.

உறைநீரின் பலத்தைப் பற்றி அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. தண்ணீர் 4 டிகிரி வரைதான் சுருங்கும். அதற்குக் கீழே போனால் விரியத் தொடங்கும். பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பருமன் கூடிவிடும். விரிய இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? சுவரைத் தள்ளும். அசையாத சுவருக்குள் அடைபட்ட தண்ணீர் மைனஸ் 22 டிகிரியை எட்டும்போது அழுத்தம் இரண்டாயிரம் வளிமண்டலங்களுக்கு மேல் போகும். நடைமுறையில் அவ்வளவு தூரம் போவதில்லை, அதற்கு முன்னாலேயே சுவர் விட்டுக்கொடுத்துவிடும். வார்ப்பிரும்பு நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. உள்ளிருந்து ஊதுவதுபோல் தள்ளினால் அது இழுவைதான்.

1784-85 குளிர்காலத்தில் கியூபெக்கில் எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற பீரங்கிப் படை அதிகாரி இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே குடைவான இரும்பு வெடிகுண்டு ஓடுகளில் தண்ணீரை நிரப்பி, துளையை அடைப்பால் இறுக்கி, வெளியே பனியில் வைத்தார். சிலவற்றில் அடைப்பு பிய்த்துக்கொண்டு தூரப் போய் விழுந்தது. அடைப்பு அசையாதபோது ஓடே பிளந்தது. அதைப் படித்தபோது எனக்கு என் இஞ்சின்தான் ஞாபகம் வந்தது. என்னுடையதும் தண்ணீர் நிரப்பி மூடிவைத்த இரும்பு ஓடுதானே.

இந்த இடத்தில் ஒரு நம்பிக்கையை உடைத்துவிட வேண்டும். பிளாக்கின் பக்கங்களில் தட்டையாக, வட்டமாக, தகரக் கிண்ணம் அழுத்தியதுபோல் சில மூடிகள் இருக்கும். தண்ணீர் உறைந்தால் அவை கழன்று விழுந்து இஞ்சினைக் காப்பாற்றும் என்று பலர் சொல்வார்கள். அவை அதற்காக வைத்தவை அல்ல. வார்க்கும்போது உள்ளே வைத்த மணலைப் பிறகு வெளியே எடுப்பதற்கான ஓட்டைகள். வேலை முடிந்ததும் மூடிவிடுகிறார்கள், அவ்வளவுதான். சில நேரம் அவை கழன்று விழத்தான் செய்யும். கூடவே பிளாக்கும் விரிந்திருக்கும். என் பிளாக்கில் ஒரு மூடிகூட அசையவில்லை.

சரி, இரண்டாவது வருஷத்துக்கு வருகிறேன். இனி யாரையும் நம்புவதில்லை, நானே செய்வேன் என்று இறங்கினேன். இஞ்சினோடு வந்த கையேட்டை முழுசாகப் படித்தேன். இஞ்சினுக்கு இஞ்சின் பிளக் இருக்கும் இடமும் எண்ணிக்கையும் மாறும். இன்னொருவர் சொன்னதை வைத்துச் செய்யக்கூடாத வேலை இது. என்னுடையதில் ஆறு: பிளாக்கில் இரண்டு, மேனிஃபோல்டுகளின் அடியில் இரண்டு, ஆயில் கூலரில் ஒன்று, தண்ணீர் பம்ப்பில் ஒன்று. கூடவே கழற்ற வேண்டிய ஹோஸ் இரண்டு. டார்ச் பிடிக்கத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். இஞ்சினுக்கு அடியில் வாளி நுழையாது என்பதால், பழைய பிளாஸ்டிக் கேன்களை நீளவாக்கில் வெட்டித் தட்டுபோல் ஆக்கி பிளக்குகளுக்குக் கீழே செருகினோம். நிறைய நிறைய அதை எடுத்து வாளியில் ஊற்ற வேண்டும். இடதுக்கு ஒரு வாளி, வலதுக்கு ஒரு வாளி. எந்த யோசனையும் இல்லாமல், அவனுக்குக் கைக்கு வசதியாக இருக்கும் என்றுதான் இரண்டு வைத்தோம்.

இடது பிளக் கழன்றதும் பழுப்பு நிறத் தண்ணீர் கொட்டியது. வலதில் நாலு சொட்டு. பிறகு ஒன்றுமில்லை. நான் நிம்மதியாக எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்துத் தண்ணீரும் இடது பக்கமாகவே போய்விட்டது என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். தம்பிதான் கேட்டான்: "அக்கா, இந்த வாளி என்ன காலியா கெடக்கு? தப்பான பிளக்கைக் கழட்டிட்டியா?"

தப்பான பிளக் இல்லை. மறுபடி குப்புறப் படுத்து, துளைக்குள் சுண்டுவிரல் நுனியை விட்டுப் பார்த்தேன். துளை இருந்த இடத்தில் மெத்தென்று ஏதோ இருந்தது. நகத்தில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது: துருத்தூள், ஏரி மணல், சேறு எல்லாம் சேர்ந்து இறுகிய களிம்பு. துணி மாட்டும் கம்பி ஹேங்கர் ஒன்றை நிமிர்த்தி, முனையைக் கொஞ்சம் வளைத்து, துளைக்குள் விட்டுக் குடைந்தேன். முதலில் ஒன்றுமில்லை. இரண்டு அங்குலம் உள்ளே போனதும் கம்பி திடீரென்று இலகுவாக நழுவியது. அடுத்த நொடி சட்டைக் கைக்குள் தோள்வரை குளிர்ந்த சேற்றுத் தண்ணீர். தம்பி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வலது வாளியில் கால்வாசிக்கு வந்தது. அவன் கேட்காமல் இருந்திருந்தால் அவ்வளவும் அந்தப் பக்கத்து நான்கு சிலிண்டர்களைச் சுற்றி உறைந்திருக்கும்.

இரண்டு வருஷமும் நான் செய்தது ஒரே தவறுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. முதல் வருஷம் வால்பக்கம் சிவப்பைப் பார்த்துவிட்டு நடுவில் இருப்பதை ஊகித்தேன். இரண்டாவது வருஷம் சொட்டு நின்றதைப் பார்த்துவிட்டுக் காலி என்று ஊகித்தேன். தண்ணீர் வராத துளை இரண்டு காரணத்தால் வராமல் இருக்கலாம்: உள்ளே இல்லை, அல்லது வழி இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதனால் இப்போது அளக்கிறேன். ஒவ்வொரு துளையிலிருந்தும் எவ்வளவு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். இரண்டு பக்கமும் துல்லியமாகச் சமமாக வராது. முன்னால் பம்ப் வழியாக இரண்டும் சேர்ந்திருப்பதால், முதலில் திறக்கும் பக்கம் மற்றதிலிருந்தும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். ஆனால் போன வருஷம் இதே வரிசையில் திறந்தபோது வந்த அளவு இருக்கிறதே, அதோடு ஒப்பிடலாம். குறைந்தால் கம்பி. குறையாவிட்டாலும் கம்பிதான், நடுவில் ஒருமுறை குடைந்தால் பெரும்பாலும் இன்னும் ஒரு வாய் தண்ணீர் வரும். இஞ்சினைச் சூடாக ஓட்டி நிறுத்திய கையோடு திறந்தால் சேறு கலங்கிய நிலையிலேயே நிறைய வெளியேறிவிடும். ஆயிலையும் அந்தச் சூட்டிலேயே மாற்றிவிடலாம், தனியாக ஒருநாள் வேண்டாம்.

படகு நிற்கும் சாய்வும் கணக்கில் வரும். என்னுடையதில் பிளாக்கின் துளைகள் பின்பக்கமாக இருப்பதால், படகின் மூக்கு, அதாவது அணியம், கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். ஒரு வருஷம் டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாழ்த்தி வைத்துவிட்டுத் திறந்தேன். நோட்டில் ஒரு லிட்டருக்கு மேல் குறைந்தது. முன்பக்கத்தைத் தூக்கியதும் அந்த ஒரு லிட்டர் சாவகாசமாக வந்து சேர்ந்தது.

அதற்காகக் கடைசிச் சொட்டுவரை துடைத்து எடுக்கவும் வேண்டாம். பள்ளத்தின் அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் கிடந்தால் அது உறைந்து மேலே காலியிடத்துக்குள் விரிந்துகொள்ளும். விரிய இடமில்லாமல் நிறைந்து நிற்பதுதான் ஆபத்து. அப்படி நிறைந்து நிற்கும் இடங்கள் பெரிய பிளாக்கை விடச் சின்னச் சாமான்களில்தான் அதிகம். ஆயில் கூலர், பவர் ஸ்டீயரிங் கூலர், தாழ்ந்து தொங்கும் ஹோஸின் வயிறு. ஹோஸ்களை ஒரு முனையில் கழற்றிக் கீழே தாழ்த்திப் பிடித்தால் போதும். எல்லாம் முடிந்ததும், இஞ்சின் பிடித்துக்கொள்ளாதபடி கில் ஸ்விட்சின் கயிற்றைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரை ஓரிரு நொடி மட்டும் சுற்றவிடுவேன். பம்ப்பில் மிச்சமிருக்கும் தண்ணீர் துப்பிக்கொண்டு வந்துவிடும்.

பம்ப்பின் உள்ளே தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர், அதாவது இதழ்கள் கொண்ட சுழலி, இருக்கும். அதையும் கழற்றி வைப்பது நல்லது. மாதக்கணக்கில் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்தால் இதழ்கள் அப்படியே வளைந்து நின்றுவிடும். கழற்றும்போது இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் அது மாயமாகியிருக்காது; தண்ணீர் போன வழியில் எங்கோ, பெரும்பாலும் அடுத்த கூலரின் வாயில், சிக்கிக்கொண்டிருக்கும்.

ஏரித் தண்ணீரை பிளாக்குக்குள் விடாமல், உள்ளே ஓடும் திரவத்தின் சூட்டை மட்டும் அதற்குக் கடத்திவிடும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த இஞ்சின்காரர்கள், எங்களுடையதில் உள்ளே ஓடுவது ஏற்கெனவே ஆன்ட்டிஃப்ரீஸ்தானே என்று நிம்மதியாக இருப்பார்கள். பாதி நிம்மதிதான். பிளாக் தப்பித்துவிடும், ஆனால் அந்த எக்ஸ்சேஞ்சரின் மறுபக்கம் ஓடுவது ஏரியோ கடலோதான். எக்ஸாஸ்ட் முழங்கை, மஃப்ளர், பம்ப் எல்லாம் அந்தப் பக்கம். கடல் உப்புத்தண்ணீர்தானே என்ற தைரியமும் வேண்டாம். அது உறைவது சுமார் மைனஸ் 2 டிகிரியில். மூடிய சுற்றில் இருக்கும் கலவையையும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். அதிகம் ஊற்றினால் அதிகப் பாதுகாப்பு என்று நினைத்து முழுக்க எத்திலீன் கிளைகாலையே ஊற்றிவிடுபவர்கள் உண்டு. தனி கிளைகால் மைனஸ் 13 டிகிரிவாக்கில் உறைந்துவிடும். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால்தான் மைனஸ் 37 வரை தாங்கும். அது கொடிய விஷம், இனிப்பாகவும் இருக்கும், நாய் பூனை நக்கிவிடும். தரையில் சிந்த விடாதீர்கள்.

தண்ணீரை எடுத்த பிறகு சிவப்பு ஆன்ட்டிஃப்ரீஸை மேலிருந்து ஊற்றி நிரப்பி வைப்பதா, காலியாகவே விடுவதா என்பது படகுக்காரர்கள் ஓயாமல் சண்டைபோடும் விஷயம். நிரப்பினால் துரு குறையும் என்பது ஒரு கட்சி, அதில் நியாயம் இருக்கிறது. முதலில் தண்ணீரை எடுத்துவிட்டுப் பிறகு நிரப்பினால் நீர்த்துப்போகும் பிரச்சினையும் இல்லை. நான் காலிக் கட்சி. பிளக்குகளைத் திறந்தே விட்டுவிடுவேன். ஜனவரி மாத ராத்திரியில் விழிப்பு வந்து, எடுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால், போய் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம். துளை திறந்திருக்கும். நிரப்பி மூடிவிட்டால் உள்ளே என்ன கலவை இருக்கிறது என்று மறுபடி ஊகிக்க வேண்டியிருக்கும். எனக்கு அது ஒத்துவராது.

பலரும் விட்டுவிடுவது இன்னொன்று உண்டு: படகின் அடியில் தண்ணீர் உள்ளே வரும் வாயிலுள்ள பால் வால்வ். நடுவில் துளையிட்ட ஓர் உருண்டைதான் அது. மூடினால் அந்தத் துளை குறுக்காகத் திரும்பிக்கொள்ளும், உள்ளே இருந்த தண்ணீரோடு சேர்த்து. இரண்டு பக்கமும் அடைப்பு. வில்லியம்ஸின் குண்டு மாதிரியே. படகு கரையில் இருக்கும்போது அந்த வால்வை நாலைந்து முறை திறந்து மூடி, தண்ணீரை வடித்துவிட்டுத் திறந்த நிலையிலேயே விட வேண்டும். பக்கத்திலிருக்கும் வடிகட்டிக் கிண்ணத்தையும் கவிழ்த்துவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் இஞ்சினிலிருந்து வந்த தண்ணீரில் சிந்தியது படகின் அடிவயிற்றில் நிற்கும். அதற்குத்தான் படகின் பின்பக்க அடிப் பிளக். அதைக் கழற்றி எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டு, தண்ணீர் இறைக்கும் சின்னப் பம்ப்பில் மட்டும் ஒரு டம்ளர் சிவப்பு ஆன்ட்டிஃப்ரீஸ் ஊற்றுவேன். அதன் அடியில் எப்படியும் கொஞ்சம் தங்கிவிடும்.

கழற்றிய பிளக்குகளை ஒரு ஜிப் பையில் போட்டு, பையின்மேல் எண்ணிக்கையை எழுதி, ஸ்டீயரிங்கில் கட்டித் தொங்கவிடுவேன். சாவியும் அதே பைக்குள். வசந்தகாலத்தில் பையைப் பிரிக்காமல் இஞ்சினைக் கிளப்ப முடியாது. போன வருஷம் பையில் ஆறு என்று எழுதியிருந்தது, கொட்டி எண்ணினால் ஏழு. ஆறையும் அதனதன் இடத்தில் முறுக்கிவிட்டு, ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டு இஞ்சின் முழுக்கத் தேடினேன். அரை மணி நேரம். தம்பி டிரெய்லருக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, படகின் அடியில் விரலை விட்டு ஆட்டிக் காட்டினான். இப்போது பையில் ஏழு என்று எழுதுகிறேன்.